திருப்பிக் கொடுத்த தீபாவளிக் கவர்

1

நியூசிலாந்தின் விடுமுறைச் சட்டம், 2003, பிரிவு 16 சொல்வது இது: ஒரு முதலாளியிடம் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை பார்த்து முடிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்துடன் நான்கு வாரத்துக்குக் குறையாத ஆண்டு விடுமுறை உண்டு. பகுதிநேரத் தொழிலாளிக்கும் உண்டு. முதலாளி ஊர்க்காரர், தெரிந்த பிள்ளை, மாமா என்று கூப்பிடுகிறவர் என்ற காரணங்களுக்காக விலக்கு அளிக்கும் உட்பிரிவு எதுவும் இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தத் தொழிலாளி நான்தான். வயது அறுபத்து மூன்று. விருதுநகரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, மகள் கவிதாவோடு இருப்பதற்காக மனைவியுடன் ஆக்லாந்து வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்களுக்கு வந்த விசாக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் 'வேலை பார்க்க அனுமதி உண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோரில் அந்த இரண்டாம் பக்கம் வரை படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேலை என்னவென்றால், திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு ஐந்து மணி நேரம், தியா என்கிற மூன்று வயதுப் பெண்மணியைப் பார்த்துக்கொள்வது. இங்கே இதற்கு நேனி என்று பெயர். என் மனைவி பாக்கியம் ஆயா வேலை என்கிறாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நாங்கள் பெற்ற ஒரே மகளுக்கு நான் ஒரு நாள் கூடப் பால் ஆற்றிக் கொடுத்ததில்லை என்பது அவளிடம் இருக்கும் நிரந்தரக் கோப்பு.

2

வேலைக்குச் சேர்ந்தவள் உண்மையில் பாக்கியம்தான். கவிதாவின் தோழி சங்கரேஸ்வரிக்குக் குழந்தையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. கணவருக்கு வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் வேலை. இரண்டே வாரத்தில் பாக்கியத்துக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. மாற்று ஏற்பாடு ஆகும்வரை நான் போனேன். அரசு மொழியில் சொன்னால், முழுக் கூடுதல் பொறுப்பு. மூன்று வாரம் கழித்துத் தோள் சரியாகி பாக்கியம் போய் நின்றபோது, தியா என் காலைக் கட்டிக்கொண்டு, "இந்தத் தாத்தாதான். பாட்டி ஹோம் போ" என்று ஆணை பிறப்பித்துவிட்டாள். பொறுப்பு நிரந்தரமானது. நான் சேர்ந்த நாள் அக்டோபர் 7.

சங்கரேஸ்வரி திருத்தங்கல்காரி. அவள் அப்பா அங்கே காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர். ஒரு காலத்தில் காலண்டர் சீசன் மும்முரத்தில், அக்டோபர் இரண்டாம் தேதி விடுமுறை அன்று அவர் பிரஸ்ஸை ஓட்டியதற்கு நோட்டீஸ் தயாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இது எனக்கும் சங்கரிக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

"அப்பாக்கு நோட்டீஸ் குடுத்தவுக நீங்கதானா மாமா! எங்க வீட்ல உங்க பேரச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாக" என்றாள்.

இப்படி ஒரு அறிமுகத்துக்குப் பிறகு எழுத்துமூலமான வேலை ஒப்பந்தம் எங்கே என்று எப்படிக் கேட்பது? அவள் மாமா என்றாள். நான் என்னம்மா என்றேன். வேலை நேரம், விடுமுறை, நோட்டீஸ் காலம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டன. முப்பத்து நான்கு வருடம் ஒப்பந்தம் இல்லாத முதலாளிகளிடம், ஒப்பந்தம் எங்கே, ஒப்பந்தம் எங்கே என்று கேட்டவன், வெறுங்கையோடு போய் டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

3

தியாவோடு என் நாள் இப்படி: காலை ஒன்பதுக்குப் போனதும் என் செருப்பை அவள் எங்காவது ஒளித்துவைப்பாள். பத்து மணிக்கு ஊஞ்சல் உள்ள பூங்கா. அங்கே மற்ற நேனிகள் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். முதல் மாதம் என்னைப் பார்த்து விலகி உட்கார்ந்தார்கள். இப்போது அவர்கள் வேலை நேரத் தகராறுகளுக்கு நான்தான் ஆலோசனை. பதினோரு மணிக்குத் தயிர்ச் சோறு. அதில் மாதுளை போட்டால்தான் சாப்பிடுவாள். பன்னிரண்டுக்குத் தூக்கம், அவள் தூங்க நான் சட்டப் பிரிவுகளை ராகமாகச் சொல்வேன். பொய் இல்லை. பணிக்கொடைச் சட்டம் நான்காவது பிரிவுக்கு வருவதற்குள் குறட்டை வந்துவிடும்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு இந்த வேலை அப்படிப் பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் என் மேசைக்கு யாரும் ஓடி வந்ததில்லை.

ஆனால் காலை எட்டரைக்குச் செய்தி வரும்: 'மாமா இன்னிக்கு வர வேணாம், நான் வீட்லருந்தே வேலை.' அன்று சம்பளம் கிடையாது. மாதத்தில் நான்கு நாள், சில மாதம் ஆறு நாள். செய்தி வரும்போது நான் பெரும்பாலும் பஸ்ஸில் பாதி வழியில் இருப்பேன்.

பட்டாசுக் கம்பெனி வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் வேன் ஆனைக்குட்டம் வரை போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். வானம் கறுத்தால் வேலை கிடையாது, மருந்து காயாது. அதே வேன் அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிடும். அன்றைக்குக் கூலி இல்லை. 'வந்த ஆளுக்குப் பாதிக் கூலியாவது கொடுங்கள்' என்று எத்தனை கம்பெனி வாசலில் நின்று பேசியிருக்கிறேன்! விருதுநகர் மாவட்டத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் மழை பெய்துவிடும்? ஆக்லாந்தில் வாரத்துக்கு நான்கு நாள் பெய்கிறது. என் வேன் மட்டும் வெயிலிலும் திரும்புகிறது.

4

கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று ஆக்கியது ஒரு கல்யாணம்.

பாக்கியத்தின் தங்கை நாரணாபுரத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் இல்லை. பெரியப்பாதான் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று மணப்பெண்ணே போனில் சொல்லிவிட்டாள். அந்தப் பெரியப்பா நான். போக, வர, இருந்து நடத்திக் கொடுக்க நான்கு வாரம் வேண்டும்.

நான்கு வாரம் நான் இல்லையென்றால் சங்கரி என்ன செய்வாள்? வேறு ஆள் போடுவாள். வேறு ஆள் வந்துவிட்டால்? மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு வாரம் என்பது ஒரு யுகம். திரும்பி வரும்போது என் செருப்பை ஒளித்துவைக்க ஆள் இருக்காது.

"கேட்டுப் பாருங்களேன்" என்றாள் பாக்கியம். "வாய் இல்லையா உங்களுக்கு? மாவட்டமே நடுங்குச்சாம், இவுகளுக்கு ஒரு சின்னப் புள்ளட்டப் பேச வாய் வரலையாம்."

"வாயால் கேட்டால் பதிவு இருக்காது" என்றேன்.

அக்டோபர் 7, ஒரு வருடம் நிறைந்த அன்று, எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. வேண்டுகோள் மூன்று. ஒன்று, வாரத்துக்கு இருபது மணி நேரம் உறுதி. முந்தின நாளே சொல்லாமல் ரத்து செய்தால் அன்றைய சம்பளம் உண்டு. இரண்டு, தை மாதம் நான்கு வாரம் சம்பளத்துடன் விடுமுறை. மூன்று, விடுமுறை முடிந்து திரும்பியதும் இதே குழந்தையிடம் பணி. ஒன்றரைப் பக்கம். தமிழில்தான். சங்கரி திருத்தங்கலில் பத்தாவது வரை தமிழில் படித்தவள்.

கடைசியில், முப்பத்து நான்கு வருடப் பழக்கம், பெறுநர் பெயருக்குக் கீழே 'உரிய வழியாக' என்று எழுதினேன். கீழ் ஊழியர் மேலதிகாரிக்கு நேராக மனு கொடுக்கக் கூடாது, இடையில் உள்ளவர் மூலம் போகவேண்டும் என்பது விதி. என்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவள் கவிதா. ஆகவே உரிய வழி கவிதா. உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். "சங்கரியிடம் சேர்த்துவிடு."

"சரிப்பா" என்றாள், காரைக் கிளப்பியபடியே.

5

அக்டோபர் 20, தீபாவளி. பதிமூன்று நாள் ஆகியும் பதில் இல்லை. அன்று காலை சங்கரி வீட்டுக்கு வந்தாள், பட்டுச்சேலை, ஒரு கையில் தியா, மறு கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் எனக்கு ஒரு வேட்டி, ஒரு டப்பா அதிரசம், அதன் மேல் மஞ்சள் தடவிய ஒரு கவர்.

"மாமா, எங்க பிரஸ்ல இப்படித்தான் குடுப்பாக. நீங்களும் நம்ம கம்பெனி ஆளுதான" என்றாள்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: மனுவுக்குப் பதில் இந்தக் கவர். சட்டப்படி கேட்டதற்குக் கருணைத் தொகை. எத்தனை பிரஸ்ஸில், எத்தனை கம்பெனியில் இதைப் பார்த்தவன்! லீவு சம்பளம் கேட்டால் தீபாவளிக்குச் சேர்த்துக் கொடுத்தோமே என்பார்கள். கணக்கும் இருக்காது, பதிவும் இருக்காது.

வேட்டியை எடுத்துக்கொண்டேன். அதிரசத்தையும் எடுத்துக்கொண்டேன், அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. கவரை மட்டும் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தேன்.

"இது வேண்டாம்மா. நான் கேட்டது வேறே."

சங்கரியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வற்புறுத்தவில்லை. "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கொள்கையோடு அதிரசம் சாப்பிட்டேன்.

6

அடுத்த திங்கள், 27ஆம் தேதி, இங்கே தொழிலாளர் தினம். எட்டு மணி நேர வேலையைக் கொண்டாட இந்த நாட்டில் ஒரு நாள் முழுக்க விடுமுறை. திங்கள் என் வழக்கமான வேலை நாள் என்பதால் அன்று வீட்டில் இருந்தாலும் எனக்குச் சம்பளம் உண்டு. வரவில்லை. தொழிலாளர் துறையில் ஓய்வு பெற்றவன், தொழிலாளர் தினத்தில், தொழிலாளர் தினச் சம்பளம் இல்லாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்றே நினைவூட்டு ஒன்று எழுதி, உரிய வழியாக, கவிதாவிடம் கொடுத்தேன்.

செவ்வாய் காலை செய்தி: 'மாமா இன்னிக்கு வேணாம்.'

புதன் போனேன். தியா என் செருப்பைத் தொடவே இல்லை. வேறு பெரிய விஷயம் சொல்ல இருந்தது அவளுக்கு.

"தாத்தா, எனக்கு நியூ ஸ்கூல். பெரிய ஸ்லைடு இருக்கு. யெல்லோ ஸ்லைடு."

"எப்போ பார்த்தே?"

"அம்மா கூட. நேத்து. ஃபுல் டே ஸ்கூல். நீ வர முடியாது, நீ ரொம்பப் பெருசு."

அந்தக் குழந்தைக்குக் குரல் முழுக்க மகிழ்ச்சி. நான் தயிர்ச் சோற்றில் மாதுளை போட மறந்துவிட்டேன். அதையும் அவளே ஞாபகப்படுத்தினாள். மனுவைப் படித்துவிட்டுப் பதிலே எழுதாமல் ஆளை மாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். வருத்தம் வேலை போவதில் கூட இல்லை, விஷயம் இந்த மூன்றடி ஆளிடம் இருந்தது. அன்று தாலாட்டுக்குச் சட்டம் வரவில்லை எனக்கு. சும்மா தட்டிக் கொடுத்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் காரில் மார்க்கெட் போனோம். தும்மல் வந்தது. காகிதக் கைக்குட்டை தேடி முன்பக்கப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பார்க்கிங் அபராதச் சீட்டு, ஒரு கூலிங் கிளாஸ், அவற்றுக்கு அடியில் என் மனுவும் நினைவூட்டும். உறை பிரித்து, படித்து, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இது என்னம்மா?"

கவிதா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, அவ என் ஃப்ரெண்டு. வாரவாரம் பாக்குறோம். அவகிட்ட போயி பார்வை ஒன்று, பார்வை இரண்டுன்னு ஒரு மனு... எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நீங்களே மறந்துருவீகன்னு நெனச்சேன்."

"நான் மறப்பேனா?"

பின் சீட்டிலிருந்து பாக்கியம், "நல்லா நெனச்ச போ. கல்யாணத்தன்னைக்குச் சாப்பிட்ட எலைக்கே கணக்கு வச்சிருக்காக இவுக" என்றாள்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. சங்கடமான சில கோப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று என் மேசையின் இடது கை இழுப்பறையில் நானும் இப்படிச் சில மனுக்களைத் தூங்கவிட்டிருக்கிறேன். ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு அம்மாள் மாதாமாதம் வந்து, "அய்யா, ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். அடுத்த மாதம் பாருங்கம்மா என்பேன். இழுப்பறைக்கு வெளியே நின்று பதில் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று இந்த இருபத்தாறு நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

கவிதாவை நான் திட்டவில்லை. இங்கே பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் இந்த ஊர்க்காரியாகத்தான் ஆகியிருக்கிறாள். இங்கே எல்லாரும் கேட்க வேண்டியதைச் சிரித்துக்கொண்டே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். "உரிய வழி ரத்து செய்யப்படுகிறது" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

8

நவம்பர் 3, திங்கள். இரண்டு தாள்களையும் சங்கரியின் கையில் நானே கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். பொருள், பார்வை என்று வந்ததும் சிரித்தாள். இரண்டாம் வேண்டுகோளில் நிறுத்தினாள். மூன்றாவதைப் படித்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, நீங்க போகலையா?"

"தை மாதம் கல்யாணத்துக்குப் போகணும்மா. அதுதான்..."

"அது இல்ல. ஒரேயடியா வேலைய விட்டுப் போகலையா?"

"நான் எப்போ போறேன்னு சொன்னேன்?"

"கவரத் திருப்பிக் குடுத்தீகளே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரஸ்களில் வருடம் என்பது தீபாவளிக்குத் தீபாவளி. தீபாவளிக் கவரை வாங்கிய ஆள் லீவு முடிந்து மெஷினுக்குத் திரும்பி வருவான். வேறு பிரஸ்ஸுக்குப் போகிறவன் வாயால் சொல்ல மாட்டான். கவரைத் தொடாமல் தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போவான். முதலாளியும் ஏன் என்று கேட்க மாட்டார். கேட்பது கௌரவக் குறைவு. அடுத்த நாளே ஆள் தேடுவார். திருத்தங்கலில் எல்லாருக்கும் தெரிந்த முறை. எனக்கும் தெரியும். ஆக்லாந்தில் செல்லும் என்றுதான் தெரியாது.

"அதுனாலதான் ஸ்கூலுக்கு எழுதி வச்சேன்" என்றாள் சங்கரி. கண் கலங்கியிருந்தது. "ஏன்னும் கேக்க முடியல. நான் என்ன கொற வச்சேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நேத்துத்தான் மனசு கேக்காம அப்பாட்ட சொன்னேன். அப்பா சிரியோ சிரின்னு சிரிக்காக."

"என்னவாம்?"

அவள் அண்ணாச்சியின் குரலிலேயே சொன்னாள்: "ஏ புள்ள, அந்த மனுசனா? அவுக எந்தக் கவரையும் வாங்க மாட்டாக. நோட்டீசு கொண்டாந்த அன்னைக்கு நானும் மஞ்சத் தடவி ஒரு கவரு வச்சேன். 'இந்தாங்க அண்ணாச்சி, காப்பி மட்டும் குடிக்கேன்'னுட்டுப் போயிட்டாக. அவுக போறதா இருந்தா எளுதிக் குடுத்துட்டுத்தான் போவாக. எளுதிக் குடுத்தாகளா?"

நான் எழுதியது இருபத்தாறு நாளாக அபராதச் சீட்டுகளோடு காருக்குள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது என்று விளக்கினேன். சங்கரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, வாயால கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல?"

"நீ வாயால் கேட்டிருந்தாலும் முடிஞ்சிருக்கும்."

அவள் தாளில் முதல் வேண்டுகோளுக்குத் திரும்பிப் போனாள். பிறகு அவளுக்குள்ளே இருந்த பிரஸ் முதலாளி எட்டிப் பார்த்தாள். "இருபது மணி நேரம் உறுதின்னா எனக்குக் கஷ்டம் மாமா. பதினாறு போடுவோமா?"

"எந்த நாளை வெட்டலாம்னு தியாகிட்ட கேட்போம்."

தியா, என் செருப்புகளில் ஒன்றைச் சோபாவுக்கு அடியில் தள்ளியபடி, எல்லா நாளும் என்றாள். எல்லா நாளும் வேண்டும் என்றாளா, எல்லா நாளையும் வெட்டச் சொன்னாளா என்பதில் தெளிவில்லை. அதனால் பேச்சுவார்த்தை பதிலின்றி ஒத்திவைக்கப்பட்டது. சங்கரி தாளை மடித்தாள். "ஸ்கூல்ல பேசணும், வீட்டுக்காரவுகட்டயும் பேசணும். எழுதியே தாறேன் மாமா. எங்கப்பா பேரக் கெடுக்க மாட்டேன்."

9

வருடத்தில் நாலு நாள்தான் இங்கே கடையில் பட்டாசு விற்கலாம், நவம்பர் இரண்டு முதல் ஐந்து வரை. சிவகாசியில் ஒரு கம்பெனி வாசலில் இந்த விதியைப் படித்துக் காட்டினால் மயங்கி விழுவார்கள். கடைசி நாள் பிற்பகல் தியாவைக் கடைத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு பெட்டியையும் திருப்பி, செய்த இடம் எது என்று பார்த்தேன். எதிலும் நம் பின்கோடு இல்லை. வாங்காமல் வைத்துவிட்டேன். சித்தப்பா மகன்கள் நான்கு பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இந்த மாதிரிச் செய்தி ஊருக்குச் சீக்கிரம் போய்விடும்.

வீட்டுக்கு வந்தபோது சங்கரி ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். தியாவின் காதில் ஏதோ சொன்னாள். தியா உள்ளே ஓடி, இரண்டு கையாலும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, சாமி ஊர்வலம் மாதிரி நடந்து வந்தாள்.

அனுப்புநர் சங்கரேஸ்வரி. பெறுநர் நான். ந.க.எண் 1/தியா. பார்வை, தங்கள் மனு மற்றும் நினைவூட்டு. வாரம் இருபது மணி நேரம் உறுதி. முந்தின நாள் மாலைக்குள் சொல்லாமல் ரத்து செய்தால் முழுச் சம்பளம். தொழிலாளர் தினச் சம்பளம் சேர்த்து வழங்கப்படும். பள்ளிச் சேர்க்கை ரத்து. தை மாதம் நான்கு வாரம் சம்பளத்துடன் விடுமுறை, திரும்பி வந்ததும் இதே குழந்தையிடம் இதே பணி. நிபந்தனை: வரும்போது சாத்தூர் சேவு இரண்டு கிலோ, விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்துக் கொண்டுவரப்பட வேண்டும்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில், பச்சைப் பெயின்ட்டில், இன்னும் காயாமல், ஒரு சின்னக் கை. விதிப்படி முத்திரை கையெழுத்தின் மேல் பாதி ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தது.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"அதுவா வச்சுருச்சு மாமா" என்றாள் சங்கரி.

பஸ்ஸில் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். பக்கத்தில் இருந்தவர் நல்ல செய்தியா என்று கேட்டார்; இடம் வருவதற்குள் பிரிவு 16 முழுவதையும் அவருக்கு விளக்கிவிட்டேன். வாசலிலேயே பாக்கியம், "வந்துருச்சா?" என்றாள். தாளை நீட்டினேன். படித்துவிட்டு, பரணிலிருந்து சூட்கேசை இறக்கச் சொன்னாள். தோள் வலி இப்போது என் பொறுப்பு.

இறக்கி வைத்துவிட்டு, இந்த வேலைக்கென்று நான் வைத்திருக்கும் பதிவேட்டைத் திறந்தேன். மனு அனுப்பிய நாள், நினைவூட்டிய நாள் எல்லாம் வரிசையாக இருந்தன. காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில், விரலில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ட் தாளில் படாமல் பார்த்துக்கொண்டு எழுதினேன்: பதில் வந்த நாள், நவம்பர் 5, புதன்கிழமை.